கட்டணங் கொண்டான்

கி.பி. 1025ஆம் ஆண்டை ஒட்டிப் பெருங்கப்பற்படை செலுத்திக் கடல் கடந்து சென்ற முதலாம் ராஜேந்திர சோழனுக்கு, இன்று கெடா என்று வழங்கும் கடாரத்தை வென்ற காரணத்தால், 'கடாரங் கொண்டான்' என்ற விருதுப் பெயர் ஏற்பட்டது. அதே மலாக்கா ஜலசந்தியின் வழியாக, சிங்கப்பூரில் புறப்பட்டுப் பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுவிட்டு நான்கு இரவுகளில் திரும்பிவரும் உல்லாசக் கப்பல் ஒன்றில் நான் பிரயாணம் செய்தபோது, சோழ மன்னனுக்குச் சற்றும் குறையாத வைராக்கியத்தோடு தமிழர் ஒருவர் படையெடுத்து வந்திருக்கக் கண்டேன். மனைவி ஒருத்தி, தாயார் ஒருவர், 14 மாதப் பெண் குழந்தை ஒன்று, மடக்கு வண்டி ஒன்று, உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் சொல்லாத அட்டைப்பெட்டி ஒன்று, இவையே அவருடைய சேனை. அவர் ஜயிக்க வந்த தேசமோ, குழந்தைக்காகச் செலுத்திய பிரயாணக் கட்டணம். ஆகவே, மனத்துக்குள்ளேயே அவருக்குக் 'கட்டணங் கொண்டான்' என்று நான் பட்டம் சூட்டினேன். இரண்டாம் நாள் கூர்ந்து கவனித்ததில், அந்தப் பட்டத்துக்கு உரியவர்கள் அதே கப்பலில் குறைந்தது ஒரு டஜன் பேராவது உலவிக்கொண்டிருந்தார்கள். சீனர், ஆஸ்திரேலியர், பம்பாய்க்காரர் என்று தேசபேதம் எதுவும் அதில் இல்லை.

அவர்களுடைய துக்கம் நியாயமானதுதான். கப்பலில் ஓர் அறையில் இருவருக்கு மேல் தங்கினால் மூன்றாமவருக்குக் கட்டணம் குறைவு. சில சமயங்களில் இலவசமென்றுகூட விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் துறைமுக வரி தலைக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுவது. தொட்டிலில் கிடப்பதும் தலைதான், சூதாட்ட மேஜையில் கவிழ்ந்து கிடப்பதும் தலைதான். ஊழியர்களுக்காக நாளொன்றுக்கு இவ்வளவென்று சேர்த்துக்கொள்ளும் சேவைக் கட்டணத்திலும் பல கப்பல்கள் சிசுக்களுக்கு விலக்கு அளிப்பதில்லை. (சாப்பாட்டு வேளைக்குப் பிறகு குழந்தையின் நாற்காலிக்கு அடியில் ஊழியர் மண்டியிட்டுப் பருக்கை பொறுக்குவதை ஒரு தடவை பார்த்தவர்கள், இந்த ஓர் இனத்தில் கப்பல்காரர்மேல் குறை சொல்லமாட்டார்கள்.) முதல் நாள் மாலை, மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்த என்னிடம் நம்மவர் தம் வழக்கை எடுத்துரைத்தார்.

"சார், இவளுக்கும் துறைமுக வரி கட்டியிருக்கேன். பல்லு நாலுதான் முளைச்சிருக்கு. பஃபேல என்னத்தைச் சாப்பிடப்போறா? நம்ம கணக்கை நாம சாப்பிட்டே தீர்த்துடலாம். இவ கணக்கை எப்படித் தீர்க்கிறது, நீங்களே சொல்லுங்க?"

நான் யோசித்துப் பார்த்தேன். வளர்ந்தவன் ஒருவன் கப்பலில் தன் காசை மீட்டுக்கொள்ள எத்தனையோ மார்க்கங்கள் உண்டு. நள்ளிரவில் பசியில்லாமலே பீட்சா தின்னலாம். புரியாத பாஷையில் நடக்கும் நாடகத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கலாம். வெந்நீர்த் தொட்டியில் கைவிரல் சுருங்கும்வரை கிடக்கலாம். சிசுவுக்கு இவற்றில் ஒன்றுமில்லை. ஆகையால், கைக்குழந்தைகளுக்கென்று கப்பலில் நடைபெறும் வகுப்புகளே அவருக்குப் புகலிடமாயின. அன்றாட நிகழ்ச்சி நிரலில் குழந்தைகளுக்கு உரியவற்றையெல்லாம் மஞ்சள் மையால் கோடிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

பெரும்பாலான கப்பல்களில், பிறந்து ஆறு மாதமாகாத குழந்தையை ஏற்றுவதில்லை; மகா சமுத்திரத்தைக் குறுக்கே கடக்கும் நெடும்பிரயாணமென்றால் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை உள்ளவர்களுக்கு எங்கள் கப்பலில் இருவகை ஏற்பாடு இருந்தது. ஒன்று, குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் போய்விடலாம். அதற்கு மணிக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். மற்றொன்று, பெற்றோரும் குழந்தையோடு கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஆடிப்பாட வேண்டும், அது இலவசம். நம்மவர் முதல் வகையின் கதவுப் பக்கம்கூடத் தலைவைத்துப் படுக்கவில்லை. அவருடைய மனைவி மட்டும் அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம், நகைக்கடை வாசலில் நிற்பவளைப் போல, ஒரு கணம் தயங்கி நின்று போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்மணி பதினான்கு மாதமாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை என்று பிறகு அறிந்தேன்.

இலவச வகுப்பு ஒன்றை வாசற்படியில் நின்று நானும் பார்த்தேன். முக்கால் மணி நேரம். வானவில் வர்ணங்களில் வட்டமான பெருந்துணி ஒன்றைத் தாய்தந்தையர் சுற்றிலும் பிடித்து மேலும் கீழும் அசைக்க, அதனடியில் குழந்தைகள் படுத்துக்கொண்டு, ஆகாயம் இடிந்து விழுகிறதோ என்ற திகிலோடு அண்ணாந்து பார்த்தன. ஆசிரியை கைகொட்டினாள், சேர்ந்து கைகொட்டியவர்கள் எல்லோரும் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். நம்மவர் தலை ஆட்டி, கிலுகிலுப்பை ஆட்டி, வாத்துப்போல் கத்தி, வகுப்பிலேயே முதல் மாணாக்கராகத் திகழ்ந்தார். அவருடைய புத்திரியோ, ஆபத்துக் காலத்தில் எந்த இடத்தில் கூடவேண்டும் என்று குறித்துக் கணுக்காலில் மாட்டியிருந்த அடையாளப் பட்டையை எப்படியாவது வாய்க்குக் கொண்டுவந்துவிட வேண்டுமென்ற ஒரே தியானத்தில், முக்கால் மணி நேரத்தையும் யோகாசனத்தில் கழித்தாள். பிறகு வர்ணக் குழம்பில் கைபதிக்கும் படலம் வந்தது. குழந்தை மறுத்துக் கையை முஷ்டியாக மூடிக்கொள்ளவே, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, வங்கியில் ரேகை வைப்பதுபோல் வைத்து எடுத்தார் தகப்பனார். காகிதத்தில் பதிந்திருந்ததில் முக்கால் பங்கு அவருடைய கட்டைவிரல். அதை உலர்த்தி உறைக்குள் சேர்த்தபோது அவர் முகத்தில் வசூலான திருப்தி தெரிந்தது.

எனக்கு இந்த நிகழ்ச்சி நிரல் எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது. நம்முடைய பிள்ளைத்தமிழேதான்! ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனையே தொட்டிலில் இட்டுப் பாடிய நாள் முதலாக, குழந்தையின் பிராயத்தைப் பத்துப் பருவங்களாக வகுத்து, இன்ன மாதத்தில் இன்ன விளையாட்டு என்று நாம் அட்டவணை போட்டு வைத்திருக்கிறோம். மூன்றாம் மாதத்திலிருந்து இருபத்தொன்றாம் மாதம்வரை ஒற்றைப்பட்ட மாதங்களிலே பாடவேண்டும் என்று பாட்டியல் நூல்கள் நாள்கூடக் குறித்திருக்கின்றன. ஆசிரியை கைகொட்டியது சப்பாணி. விளக்கை அணைத்துக் கூரையில் நிலாவையும் நட்சத்திரங்களையும் ஓடவிட்டது அம்புலி. மெல்லிய சங்கீதம் வைத்தது தால். விடைகொடுக்கும்போது காற்றில் விடச் சொன்னது முத்தம். பெண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களில் கப்பல்காரர்கள் அடியோடு தடுத்தது நீராடல் ஒன்றைத்தான். இயற்கை உபாதையை அடக்கிப் பழகாத குழந்தை, நீச்சலுக்கென்றே விற்கும் அணையாடையைக் கட்டிக்கொண்டிருந்தாலும், நீச்சற்குளத்தில் கால் நனைக்கக் கூடாது என்பது விதி; ஒரு சிசுவின் கண நேர அஜாக்கிரதையால் குளத்தை மூடிச் சுத்தி செய்யவேண்டி வரும் என்பதோடு, நாலு சுவருக்குள் ஆயிரக்கணக்கானோர் கூடி வாழும் இடத்தில் வயிற்றுப்போக்கு எவ்வளவு சடுதியில் பரவும் என்பதைக் கப்பல்கள் அனுபவித்தே அறிந்திருக்கின்றன. அத்தகையவர்களுக்கென்று தண்ணீர் பீச்சியடிக்கும் இடம் ஒன்றைத் தனியே ஒதுக்கியிருந்தார்கள். இந்தப் பிள்ளைத்தமிழ் ஒற்றுமையை நான் மிக்க உற்சாகத்தோடு நம்மவருக்கு விளக்கினேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்குத் தனியா சார்ஜ் பண்றாங்களா சார்?" என்றார்.

அவருடைய தாயாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் இருந்தது மின்சாரக் குக்கர். சூடேறும் சாதனங்களைப் பயணிகள் கொண்டுவரக் கூடாது என்று, ஏறும்போதே பாதுகாப்புக்காரர்கள் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். உற்சவமூர்த்தியைப் பறிகொடுத்த குருக்களைப்போல அந்த அம்மாள் முதல் நாள் முழுவதும் வாய்பேசாமல் இருந்தார். மறுநாள் உணவுக்கூடத்தில், இந்தியப் பதார்த்தங்கள் வைத்திருந்த இடத்தில் பரிமாறிக்கொண்டிருந்த தூத்துக்குடிப் பையன் ஒருவனைக் கண்டுபிடித்து, "தம்பி, குழந்தைக்குச் சாதம் இன்னும் கொஞ்சம் குழைவா வேணும்ப்பா" என்றார். 'குழைவு' என்ற சொல்லுக்கு உலகத்தின் எந்தக் கப்பலிலும் மொழிபெயர்ப்பு கிடையாது, அவனுக்கு வேண்டியிருக்கவுமில்லை. அதுமுதல் வேளை தவறாமல் ஒரு கிண்ணம் குழைந்த சாதமும் தெளிந்த ரசமும் வந்தன. கட்டணத்தில் உண்மையாகவே ஏதேனும் வசூலாயிற்றென்றால், அம்மாளுடைய ஐந்து விரல் பிசைந்த அந்தக் கிண்ணத்தில்தான் வசூலாயிற்று.

மகனோ வேறு வழிகளில் முனைந்திருந்தார். 1912-இல் டைட்டானிக் மூழ்கியதன் பயனாகப் பிறந்தது கடற்பிரயாணப் பாதுகாப்பு உடன்படிக்கை. இன்று வழங்கும் அதன் விதிப்படி, ஒரு நாளைக்கு மேற்பட்ட பிரயாணத்தில் ஒவ்வொரு சிசுவுக்கும் அதன் உடம்புக்குரிய உயிர்காப்பு அங்கி ஒன்று கப்பலில் இருந்தாக வேண்டும். இதை எங்கோ படித்துவிட்டு, அறை ஊழியரிடம் கேட்டு வாங்கி, குழந்தைக்கு மாட்டி, பதினேழு புகைப்படங்கள் எடுத்து, அதையும் ஒரு நிகழ்ச்சியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் அணைந்தது. குவீன் தெருவில் 1833-இல் எழும்பிய மாரியம்மன் கோயில், கூப்பிடு தூரமென்றே சொல்லலாம். தாயாருக்கு ஆசை. "நீ போய்ட்டு வாம்மா, பதினொரு மணிக்குப் பாப்பாவுக்கு மியூசிக் கிளாஸ் இருக்கு" என்றார் மகன். ஊர்பார்க்க எல்லோரும் இறங்கிவிடுவதால் அன்றைய வகுப்பில் கூட்டமிராது, ஆசிரியையின் முழுக் கவனமும் தம் பெண்மேலேயே இருக்கும் என்பது அவருடைய ராஜதந்திரம். அம்மாளை நான் அழைத்துப்போய் வந்தேன். திரும்பியபோது, ஆளில்லாத கூடத்தில் ஆசிரியை யுக்கலேலி வாசிக்க, தகப்பனார் ஒருவரே கோரஸ் பாட, குழந்தை வண்டியில் நித்திரை செய்துகொண்டிருந்தது.

கடைசி நாள் கரை காணாத நாள். அன்று பிற்பகல் நடுக்கூடத்தில், கண்ணாடி மின்தூக்கிகளுக்குக் கீழே, தவழும் குழந்தைகளுக்குப் பந்தயம். டிஸ்னி கப்பல்களில் 'டயப்பர் டேஷ்' என்ற பெயரில் இது பிரசித்தம். எங்கள் கப்பலிலும் மூன்று மாடிக் கைப்பிடிச் சுவர்களிலும் ஜனங்கள் சாய்ந்து நின்றார்கள். கம்பளத்தில் ஒட்டுநாடாவால் ஏழு பாதைகள். ஒரு முனையில் தாய் குழந்தையை விடவேண்டும், மறுமுனையில் தந்தை எதைக் காட்டி வேண்டுமானாலும் அழைக்கலாம், தொடக் கூடாது, தவழ மட்டுமே செய்யலாம், எழுந்து நடப்பவர் ஆட்டத்திலிருந்து நீக்கம். கடைசி விதியைப் பற்றி நம்மவருக்குக் கவலையே இல்லை. பெண் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை என்று ஊரில் உறவினர் வாய்க்கு வந்தபடி பேசியதையெல்லாம், அந்த ஒரு கணத்தில், தெய்வ சங்கற்பமாகவே எண்ணினார்.

ஊதல் ஒலித்தது. ஒரு குழந்தை உட்கார்ந்த இடத்திலேயே ஒட்டுநாடாவை உரித்துத் தின்ன ஆரம்பித்தது. இன்னொன்று தாயிடமே திரும்பிப் போயிற்று. சிங்கப்பூர்ச் சீனக் குழந்தை ஒன்று, குறுக்கே பாய்ந்து அடுத்த பாதைக்காரரின் பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டது. நம்முடைய வீராங்கனை மட்டும், தகப்பனார் நீட்டிப்பிடித்த கைப்பேசித் திரையில் குதித்த கரடியை நோக்கி, முழங்கால் தேயத் தேய முன்னேறினாள். பாதித் தூரம். முதலிடம். பிறகு நின்றாள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பின்பக்கத்தை உயர்த்தி, ஒன்றையும் பற்றாமல் எழுந்தாள். மூன்று மாடியும் நிசப்தமாயிற்று. ஓர் அடி, ஆடியது, இன்னோர் அடி.

"உட்காரு! கண்ணா, உட்காரு! தவழுடி!" என்று அலறினார் தகப்பனார்.

"டேய்! குழந்தை நடக்கிறதுடா!" என்ற தாயாரின் குரல் மேல்தளம்வரை கேட்டிருக்கும்.

நாலாவது அடியில் ஊதல் ஒலித்தது, பெண் நீக்கப்பட்டாள். ஐந்தாவது அடியில் தகப்பனாரின் முழங்காலை வந்து பிடித்துக்கொண்டாள். கூடமே கைதட்டியது. அவர் கையில் இருந்த கைப்பேசியின் முகம் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்ததால், நாலு நாளில் ஆயிரம் படம் பிடித்த மனிதரிடம் இதற்கு மட்டும் படமில்லை. பங்கெடுத்த எல்லோருக்கும் கொடுத்தாற்போல், மிகச் சிறப்பாகத் தவழ்ந்தமைக்கு என்று அச்சிட்ட நற்சாட்சிப் பத்திரம் ஒன்றை அவளுக்கும் கொடுத்தார்கள். அதை உறைக்குள் வைக்க மறந்து, கையிலேயே கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று இரவு அம்மாள் மேஜைமேல் இருந்த உப்புப் பொட்டலங்களைப் பிரித்துக் குழந்தைக்குத் திருஷ்டி கழித்தார். மருமகள் உட்கார்ந்து, மூன்று பதார்த்தங்களை, சூடு ஆறுமுன்னே, சாப்பிட்டாள். ஏனெனில் கணவர் மேஜையில் இல்லை. முதுகை வில்லாக வளைத்து, ஒரு சுண்டுவிரலைக் கீழே நீட்டிக்கொண்டு, உணவுக்கூடத்தை வலம்வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை சிங்கப்பூரில் இறங்கினோம். பாதுகாப்புக்காரரிடமிருந்து மீட்ட குக்கர், மடக்கு வண்டியில் வார்கட்டிப் பத்திரமாக வீற்றிருந்தது. அதன் பின்னால், இறங்கு பாலத்தின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, தகப்பனாரின் சுண்டுவிரலைப் பற்றியபடி, அடிக்கொரு தரம் நின்று, தரையில் திருகாணி ஒன்றைக் கண்டால் உட்கார்ந்து விசாரித்து, எழுந்து, அவள் நடந்து போனாள். அவர்களுக்குப் பின்னால், விமானத்துக்கு நேரமான பலருட்பட, கப்பலே காத்து நின்றது.