பென்குயின் முதுகில் ஒரு உளவாளி

கேள்வி: பென்குயின் எவ்வளவு ஆழம் போகிறது, என்ன சாப்பிடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கூடவே யாராவது நீந்திப் போகிறார்களா?

பதில்: போனால் திரும்பி வர வேண்டுமே! எம்பரர் பென்குயின் 500 மீட்டருக்குக் கீழேயும் முங்கும்; ஒரே மூச்சில் 32 நிமிடம் தாக்குப்பிடித்ததும் பதிவாகியிருக்கிறது. அதனால் உளவாளியை அதன் முதுகிலேயே ஏற்றிவிடுகிறார்கள். சின்னக் கருவி, நீச்சலுக்கு இடைஞ்சல் குறைய கீழ்முதுகு இறகில் டேப் போட்டு ஒட்டுவார்கள். நீரின் அழுத்தத்தை அது குறித்துக்கொண்டே வரும், ஆழம் தெரிந்துவிடும்.

சாப்பாட்டுக் கணக்குதான் சுவாரஸ்யம். வெப்பமானி ஒன்றை விழுங்க வைக்கிறார்கள். பென்குயின் வயிறு நம்முடையதைப் போலவே சூடு. மீனோ ஐஸ் தண்ணீரில் வளர்ந்தது. உள்ளே போனதும் வயிற்றின் சூடு சட்டென்று இறங்கும். அலகில் ஒரு பக்கம் காந்தம், மறுபக்கம் சென்சார் வைத்து, எத்தனை முறை வாய் திறந்தது என்றும் எண்ணுகிறார்கள். (பந்தியில் பக்கத்து இலையை எண்ணும் ஆசாமிகள் தோற்றார்கள்!)

கருவியைத் திரும்ப வாங்குவது? அன்டார்க்டிகாவின் மெக்மர்டோ சவுண்டில் ஆய்வாளர் ஜெரால்டு கூய்மன் குழுவினர், அக்கம்பக்கத்தில் வேறு திறப்பே இல்லாத கடல்பனியில் துளை போட்டு, அதில் பென்குயின்களை இறங்கவிட்டார்கள். மூச்சு வாங்க அங்கேயே வந்தாக வேண்டும். மற்ற இடங்களில் கூட்டில் குஞ்சு பசியோடு காத்திருக்கும். தாயோ தகப்பனோ கருவியோடு வீடு திரும்பாமல் எங்கே போகும்?