மச்சான் வெச்ச முட்டை

அந்த ஃபோனக் கொஞ்சம் கவுத்து வை மனே. அசர் தொழுதுட்டு வந்ததில இருந்து பார்த்துக்கிட்டு இரிக்கன். ஒன்ட ரெண்டு பெருவிரலும் சூடு மிதிக்கிற எருமைக் கடா மாதிரி சுத்திச் சுத்தி வருது. மொகம் என்னடா என்டா, வேளாண்மை வெட்டுற அன்டைக்கு மழை புடிச்ச போடியார்ர மொகம்.

மெட்ச் தோத்த கதை எனக்கும் வந்திட்டு. சந்தியில தேத்தண்ணிக் கடையில கேட்டன். சாய்ந்தமருதுப் பொடியனுகள் பழிக்கிறானுகள், நீ பதில் எழுதுறாய். எங்க, எழுதினத ஒருக்கா வாசி, கேட்பம்.

ம்... போதும், நிப்பாட்டு. மகரிபுக்கு இன்னம் கொஞ்ச நேரம்தான் இரிக்கு. இதுக்கு மேல கேட்டா நான் திரும்ப ஒளு எடுக்கணும்.

பயப்புடாத. பழிக்கக் கூடாது என்டு சொல்ல நான் வரல்ல. அதச் சொல்றதுக்கு ஜும்மாவில ஹஸ்ரத் இரிக்கார், தூண்ல சாஞ்சி நித்திரை கொள்றதுக்கு நீ இரிக்காய். என்ட கவலை வேற. ஒனக்குப் பழிக்கவே தெரியல்ல. இந்த வளவுக்குள்ள இப்பிடி ஒரு புள்ள வளர்ந்திரிக்கே என்டு வெக்கமா இரிக்கு.

முதல்ல, அவன்ட உம்மாவ எதுக்கு இழுத்தாய்? சிக்ஸர் அடிச்சது அவவா? எங்கட கரையில குடி உம்மா வழியா வாறது, தெரியும்தானே. அவன்ட குடி என்ன என்டு விசாரிச்சியா? ஒன்ட குடியும் அதுவும் ஒண்டா இருந்திட்டா, நீ இப்ப ஏசினது ஒன்ட உம்மாக்கு ராத்தா முறையான மனிசிய. பெருநாளைக்கு அவட வீட்டில இருந்து வட்டிலப்பம் வரும். திங்கவும் ஏலாம, திருப்பி அனுப்பவும் ஏலாம முழிப்பாய்.

பொறகு, 'மீன் நாத்தம்' என்டு எழுதியிரிக்காய். மத்தியானம் ரெண்டாந்தரம் கறி கேட்டு வாங்கினியே, அது எந்தக் கரையில ஏறின மீன்? வேணாம், நான் சொல்லல்ல. செமிக்கட்டும்.

இது ரெண்டையும் உடு. ஒன்ட மூத்தவாப்பா பொறந்த ஊர் எது? வாயத் திறந்து சொல்லு. ஆ, சாய்ந்தமருது. நீ ஃபோன்ல கிழிச்சித் தோரணம் கட்டின ஊர்ல ஒரு பழைய துணி இஞ்ச, ஒனக்கு முன்னால, சாறன் உடுத்துக்கிட்டு குந்தியிரிக்கு.

நான் மருதமுனைக்கு வந்தது 1973இல, மாப்பிள்ளையா. எங்கட ஆக்கள்ர வழமை ஒனக்குத் தெரியாததா? வீடு பொம்புளைக்கு. ஆம்புளை அரைவாசி ஹயாத்த உம்மாட வளவிலயும் மிச்சத்த மாமிட வளவிலயும் கழிக்கிற ஆள். இதால ஒரு வில்லங்கம் இரிக்கு மனே. நீ இன்டைக்கு எந்த ஊரப் பார்த்துக் கூக்காட்டுறியோ, அந்த ஊர்லதான் ஒனக்கென்டு ஒரு கல்வீடு எழும்பிக்கிட்டு இரிக்கும். அத்திவாரம் போட்டாச்சோ என்னவோ. இதெல்லாம் ஒன்ட இங்கிலீஷ் லீக் ஆக்களுக்கு இல்ல. லிவர்பூல்காரன் மென்செஸ்டர்காரனப் பழிச்சா, பழிச்ச கையோட வீட்ட போய்ப் படுக்கலாம். நீ பழிச்சா, பழிச்ச வீட்டிலயே படுக்கணும்.

எனக்கு எப்பிடித் தெரியும் என்டு கேக்கிறியா? கேளு.

1968. நான் மீசை முளைச்சும் முளைக்காத பொடியன். மருதமுனைப் பொடியனுகளுக்கும் எங்களுக்கும் மெட்ச். நாங்க ரெண்டாவதா பெட் பண்ணினம். அவனுகள்ர ஒரு மெலிஞ்ச பொடியன், ஈர்க்குக் குச்சி மாதிரி, எங்கட முதல் ஆள்ர கெட்ச உட்டுட்டான். எனக்குச் சந்தோசம் தாங்கல்ல. வேலிக் கம்பில ஏறி நின்டு, "தறி இழுக்கிற கைக்குப் பந்து புடிக்க ஏலுமா" என்டு கத்தினன். சனம் சிரிச்சது. அந்தச் சிரிப்பு தலைக்கு ஏறிட்டு. அடுத்த விக்கெட்டுக்கு நாந்தான் போகணும். போனன். முதல் பந்து. ஆகாயத்துக்கு அடிச்சன் மனே, கடல்ல உழும் என்டு நெனச்சன். உழுந்தது அந்த ஈர்க்குக் குச்சிட கையில.

முட்டை.

அவன் ஒரு வார்த்தை பேசல்ல. பந்தத் துடைச்சிட்டு என்னப் பார்த்தான், அவ்வளவுதான். அந்தப் பார்வைட அர்த்தம் அஞ்சு வருஷத்துக்குப் பொறகுதான் எனக்கு விளங்கினது. கலியாண ஊட்டில சகன் வெச்சாங்க. மாப்பிள்ளைட சகன்ல சோறு, இறைச்சி, எல்லாம் நெறஞ்சி இரிக்கு. பொம்புளைட காக்கா வந்தார். மெலிஞ்ச ஆள். அவிச்ச முட்டை ஒண்ட என்ட பக்கமா வெச்சிட்டு, குனிஞ்சி காதுக்குள்ள சொன்னார்: "மச்சான், ஒங்கட கணக்கு."

அன்டையில இருந்து பெருநாள், கத்னா, கலியாணம், கடற்கரைப் பள்ளிக் கொடியேத்தக் கந்தூரி, எங்க நாங்க ரெண்டு பேரும் ஒரு சகன்ல குந்தினாலும் எனக்கு ஒரு முட்டை வரும். ஒன்ட மூத்தம்மா முதல் பத்து வருஷம் அத காக்காட பாசம் என்டு நெனச்சவ.

நானும் சும்மா இரிக்கல்ல. படிச்சன். பிரட்மன் என்டு ஒரு ஆள், ஒலகத்திலயே பெரிய பெட்ஸ்மன், 1948இல கடைசி இன்னிங்ஸில முட்டை. நாலு ரன் எடுத்திரிந்தா சராசரி 100. எடுக்கல்ல, 99.94இல நின்டிட்டு. இத மனப்பாடம் பண்ணி ஒரு ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மச்சான்ட மொகத்துக்கு நேரா சொன்னன்: "பிரட்மனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்தது." அவர் வெத்திலைய மென்டுக்கிட்டே, "மெய்தான் மச்சான். அவருக்கு அந்த முட்டைக்கு முந்தி 6996 ரன் இரிந்தது. ஒங்களுக்கு முந்தி என்ன இரிந்தது, வேலிக் கம்பா?" என்டார். அந்தாளும் படிச்சிட்டுத்தான் வந்திரிக்கார்.

இதுக்குப் பேர்தான் பழிப்பு. ஏச்சு இல்ல, தூஷணம் இல்ல. கணக்கு சரி. ஆள் செத்தாலும் கணக்கு சாகாது.

சின்ன விசயத்த இவ்வளவு காலம் தூக்கிக்கிட்டுத் திரியிறதா என்டு சிரிக்காத. கொழும்புப் பெரிய மனிசர்ர கதையக் கேளு. றோயல், சென் தோமஸ் என்டு ரெண்டு பள்ளிக்கூடம், 1879இல மெட்ச் தொடங்கினவங்க. முதல் மெட்சில வாத்திமாரும் சேர்ந்து விளையாடினது. அடுத்த வருஷத்தில இருந்துதான் தனிப் பொடியனுகள். காலிமுகத்திடலுக்குப் பேரை வாவியில வள்ளம் வலிச்சிப் போனதாச் சொல்லுவாங்க. 1885இல றோயல்காரர் எல்லாரும் சேர்ந்து எடுத்தது 9 ரன். ஒம்பது மனே. பதினொரு பேர் போய் ஒம்பது. அடுத்த நாள் அவங்க விளையாட வரல்ல. இப்ப கேட்டா றோயல்காரர் 'மெட்ச் முடியல்ல, சமன்' என்பாங்க, தோமியன்காரர் 'நாங்க வென்டது' என்பாங்க. வாதாடுறவங்கள்ல அந்த மெட்சக் கண்ட ஒருத்தரும் ஹயாத்தில இல்ல. நீதவான், டொக்டர், மந்திரி எல்லாம் கோட்டுப் போட்டுக்கிட்டு இன்னம் அந்த ஒம்பதத்தான் பங்கு போடுறாங்க. வருஷா வருஷம் கூடாரம் அடிச்சி, பப்பரே ஊதி, கொடி புடிச்சி ஆடுறாங்க, பொறகு ஒரே கந்தோர்ல போய் வேலை செய்றாங்க. சண்டை அந்தளவுக்கு ருசியா இரிந்தாத்தான் விடாம வெச்சிரிப்பாங்க.

அந்த மெட்சுக்குக் குடுக்கிற கேடயம் ஆர்ர பேர்ல தெரியுமா? டி.எஸ். சேனாநாயக்க. அவர் தோமியன் பள்ளிக்கூடத்துப் புள்ள. இங்கினியாகலயில குளத்துக்கும் அவர்ர பேர்தானே, சேனாநாயக்க சமுத்திரம். எங்கட வயலுக்கு அங்க இருந்து தண்ணி வருது, அவங்கட மெட்சுக்கு அங்க இருந்து பேர் போகுது. தண்ணி சுணங்குற போகத்தில நான் றோயல் கட்சி.

எங்கட பக்கத்திலயும் பழிப்புக்கு ஒரு பழைய பள்ளிக்கூடம் இரிந்தது. தமிழ் ஆக்கள்ர ஊர்கள்ல கொம்பு விளையாட்டு என்டு ஒண்டு. என்ட மூத்தவாப்பா கண்டவர், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணகி அம்மனுக்கு, மழைக்கு வேண்டி விளையாடுறது. ஊர் ரெண்டாப் பிரியும், வடசேரி, தென்சேரி. வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைஞ்ச மரக்கொம்பு ரெண்ட ஒண்டுக்குள்ள ஒண்டு மாட்டி, கயிறு கட்டி, ரெண்டு பக்கமும் இழுக்கும். எவன்ட கொம்பு முறியுதோ அவன் தோத்தான். பொறகு வென்டவன் பாட்டால பழிப்பான், தோத்தவன் நின்டு கேக்கணும். கட்சி பிறப்பால வாறது, மாத்தேலாது. கோவலன் கட்சியில பொறந்தவன்ட நிலைய யோசிச்சிப் பாரு. பூம்புகார்ல அந்த மனிசன் செய்த பிழைக்கெல்லாம் இவன் மட்டக்களப்புக் கரையில நின்டு பேச்சு வாங்கணும். ஆனா அவ்வளவும் பாட்டு மனே. எதுகை மோனை இல்லாமப் பழிச்சா, தோத்தவனே சிரிச்சிடுவான். நீ எழுதினதுல எதுகை எங்க? எழுத்துப் பிழையே நாலு.

சரி, தோத்தவன் எப்பிடிப் பழிக்கிற? அதுக்கும் ஒரு வழி இரிக்கு. நீதான் ஒருக்கா எனக்குக் காட்டினாய், மறந்திட்டாய். அமெரிக்காவில ஹார்வர்ட், யேல் என்டு ரெண்டு பல்கலைக்கழகம். 2004 நவம்பர்ல ஃபுட்போல் மெட்ச், அவனுகள்ர ஃபுட்போல், கையால தூக்கிக்கிட்டு ஓடுறது. யேல் பொடியனுகள் ஹார்வர்ட் ஆக்கள் மாதிரி உடுத்துக்கிட்டு, ஹார்வர்ட் சனம் இரிந்த பக்கமே போய், சிவப்பும் வெள்ளையுமா கடதாசி மட்டை பங்கு வெச்சானுகள். "எல்லாரும் ஒண்டாத் தூக்குங்க, நம்மட பேர் வாழ்க என்டு தெரியும்" என்டு சொல்லிரிக்கானுகள். சனம் சந்தோசமாத் தூக்கினது. எதிர்ப்பக்கத்தில இருந்து வாசிச்சா, 'நாங்க ஒண்டுக்கும் ஒதவாத ஆக்கள்' என்ட மாதிரி. தூக்கின சனத்துக்கே தெரியாது, இன்னமும் ஒசத்திப் புடிக்குது! மெட்ச வென்டது ஹார்வர்ட், 35க்கு 3. ஆனா அந்த 35 இன்டைக்கு ஆருக்கு ஞாபகம்? மட்டைதான் நிக்குது. வென்டவனுக்குக் கேடயம் இரிக்கு, தோத்தவனுக்கு மூளை வேணும். ஒனக்கு ரெண்டும் இல்லாம ஃபோன் மட்டும் இரிக்கு.

இன்னொண்டு. 'சாய்ந்தமருதுக்காரனுக்கு என்ன இரிக்கு' என்டு எழுதியிரிக்காய். ஒன்ட வாப்பா படிச்சது எங்க? கல்முனை ஸாஹிரா. 1949இல கேட் முதலியார் காரியப்பர் தொடங்கின கல்லூரி. பேர் கல்முனை, நிக்கிற மண் சாய்ந்தமருது. அந்த ஊருக்குத் தனிச் சபை என்டு 2020இல வர்த்தமானியும் வந்து, வந்த வேகத்தில நின்டும் போனது. அந்தக் கதைய நான் தொட மாட்டன். எனக்குப் பல்லு நாலுதான் மிச்சம், அதையும் ரெண்டு ஊரும் பங்கு போட்டுடும்.

இப்ப உண்மையச் சொல்லு. நீ எத்தினை ரன் எடுத்தாய்?

ஏன் கூரையப் பார்க்கிறாய்? ஓலையில ஸ்கோர் எழுதியிரிக்கா?

ஆ. அப்பிடியா. சரி சரி, மூத்தம்மாட காதுல போடாத. அவ போய்க் கோழிக்கூட்டத் திறந்திடுவா.

போன வருஷம் என்ட மச்சான், ஒன்ட பெரிய மாமா, மௌத்தாப் போனார்தானே. நாப்பதாம் கத்தத்துக்கு நீ பரீட்சை என்டு வரல்ல. ஓதி முடிஞ்சி சகன் வெச்சாங்க. நான் குந்திப் பார்த்துக்கிட்டு இரிக்கன். சோறு வந்தது, இறைச்சி வந்தது, பருப்பு வந்தது, அச்சாறு வந்தது. பக்கத்தில இரிந்தவர், "பிஸ்மில்லாஹ் சொல்லுங்க" என்டார். எனக்குக் கை வைக்க மனசு வரல்ல. அம்பது வருஷப் பழக்கம், கண் அந்த மூலையத்தான் தேடுது.

பொறகால இருந்து ஒரு கை நீண்டது. மச்சான்ட மூத்த மகன். ஒரு வார்த்தை பேசல்ல, வாப்பா மாதிரியே ஒரு பார்வை, அவ்வளவுதான். உரிக்கக்கூட இல்ல, ஓட்டோட வெச்சிட்டு மத்த சகனுக்குப் போயிட்டான். இன்னம் சூடு.

உரிச்சித் தின்டன்.

வாங்கு சொல்றாங்க, எழும்பு மனே.