இரண்டு சேர்வர், ஒரே அலுமாரி

கேள்வி: எங்கள் கந்தோர் மின்னஞ்சலுக்கு இரண்டு சேர்வர்கள். கடிதங்களை எல்லாம் என்.எவ்.எஸ். வழியாக ஒரே வட்டில் வைத்தால், ஒன்று படுத்தாலும் மற்றது ஓடுமாமே?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஓடும். வட்டே படுத்தால் இரண்டும் சேர்ந்து படுக்கும். அந்த ஒற்றுமையையும் பாராட்டத்தான் வேண்டும்!

1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த என்.எவ்.எஸ்., தூரத்து வட்டைச் சொந்த வட்டுப் போலக் காட்டும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால், கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் இரண்டு கணக்கப்பிள்ளைகள் ஒரே பேரேட்டில் ஒரே நேரம் எழுதினால் எப்படி இருக்கும்? என்.எவ்.எஸ்.இலும் அதே கதைதான்: ஒரு சேர்வர் எழுதியது மற்றதன் கண்ணில் படச் சில விநாடிகள் பிந்தலாம். கடிதங்களைச் சேமிக்கும் பழைய எம்பாக்ஸ் முறையில் ஓர் ஆளின் பெட்டி முழுவதும் ஒரே கோப்பு. இருவர் ஒரே நேரம் எழுதாமல் தடுக்கும் பூட்டுத் தவறினால் கடிதத்துக்குள் கடிதம் புகுந்துவிடும்.

ஆகவே மெயில்டிர் முறைக்கு மாறுங்கள். கியூமெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைனின் யோசனை அது: கடிதத்துக்கு ஒரு கோப்பு, கடிதம் சேர்க்கப் பூட்டே வேண்டாம். பெட்டியைத் திறந்து காட்ட டவ்கொட் என்ற மென்பொருளைப் பாவிப்பதென்றால் ஓர் ஆளை எப்போதும் ஒரே சேர்வருக்கே அனுப்புங்கள். இல்லையேல் அதன் அட்டவணைக் கோப்புகள் குழம்பும்.

பிரதி எடுக்கிறீர்களா? அதைக் கேட்கவில்லையே! 2023 ஓகஸ்டில் நமது இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சலை, கப்பம் கேட்கும் ரான்சம்வேர் பூட்டியது. நோய் வேறுதான், ஆனால் இணைப்பில் இருந்த பிரதியும் கூடவே பூட்டுப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை.

இன்றைக்கே ஒரு பிரதி எடுத்து, வயரைக் கழற்றி, வேறு கட்டடத்தில் வையுங்கள்.