மாப்ளே, ஃபிளெக்ஸ்லே தேதி மட்டும் போடாதே

என்ன மாப்ளே, ஃபிளெக்ஸ்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டியாமே? கறுப்புக் கண்ணாடி, கையைக் கட்டின போஸு, கீழே ‘வருங்கால மாமன்ற உறுப்பினரே’ன்னு எழுத்து. நல்லா இரு சாமி. படம் போடு, பேர் போடு. தேதி மட்டும் போட்டுடாதே.

2016லே உன்னைப் போல ஒருத்தன் போட்டான். அக்டோபர் 17, 19னு உள்ளாட்சி எலக்‌ஷன் அறிவிச்சிருந்தாங்க. மனுத்தாக்கல் முடிஞ்ச மறுநாளே, 4ஆம் தேதி, பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியில்லேன்னு ஐகோர்ட் ரத்து பண்ணிடுச்சு. அவன் ஃபிளெக்ஸ் நம்ம மாட்டுக் கொட்டாய்க்குக் கூரை ஆச்சு. அந்த நிழல்லே என் மாடு நாலு ஈத்து ஈனிடுச்சு மாப்ளே, நமக்கு ஓட்டு வரல. வந்தது 2022 பிப்ரவரி 19லே.

அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா நடத்தணும்னு அரசியல் சட்டத்துலே சேர்த்து 1993லேயே அமலுக்கு வந்தாச்சு. அதுக்கு முன்னாடி கதையே வேற. 1970லே பஞ்சாயத்துத் தேர்தல் வெச்சாங்க, அப்புறம் வெச்சது 1986லே. அன்னிக்குத் தொட்டில்லே கிடந்தவன் மீசையோட வந்து நின்னான்.

நடுவுலே தேர்தல் இல்லாத காலத்துலே தனி அலுவலர்தான். நல்ல மனுஷங்கதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா கவுன்சிலர்னா டீக்கடைப் பக்கம் டூவீலர்லே வருவான்; ஹேண்டில்பாரைப் புடிச்சு நிறுத்தி, “சாக்கடையை எப்போ தூர்வாருவே?”ன்னு நாலு பேர் கேக்கத் திட்டலாம். அவன் வாரறானோ இல்லையோ, நமக்கு டீ ஜீரணம் ஆவும். அலுவலர் ஜீப்பை யார் புடிச்சு நிறுத்தறது? பஞ்சாயத்தா இருந்த நம்ம மூக்கண்டப்பள்ளி ஓசூர் நகராட்சியோட சேர்ந்துச்சு. 2019 பிப்ரவரியிலே அது மாநகராட்சியும் ஆச்சு, ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலத்துலே. பொண்ணைக் கேக்காமே நிச்சயம் பண்ணின மாதிரி.

தலைவர் நாற்காலி சங்கதி இன்னும் வேடிக்கை. 1996, 2001லே ஜனங்க நேரா போட்டோம். 2006லே கவுன்சிலருங்க கூடிப் போட்டாங்க. 2011லே மறுபடி நாம. 2022லே மறுபடி அவங்க. களியைக்கூட நம்ம வீட்டுலே இத்தனை தடவை புரட்ட மாட்டாங்க. அதனாலே ஜெயிச்சீன்னா மேயர் எலக்‌ஷன் வரைக்கும் உன்னைத் தாங்கு தாங்குன்னு தாங்குவாங்க. அதுக்கு மறுநாள் போன் பண்ணிப் பாரு.

நம்ம தெருப் பையன் இங்கிலாந்துலே இருக்கான் இல்லே? அங்கே மாவட்ட கவுன்சில்னு 1974லேருந்து நடக்குதாம். சில ஊர்லே மூணுலே ஒரு பங்கு சீட்டுக்கு வருஷா வருஷம் மே மாசம், வியாழக்கிழமையா பார்த்து ஓட்டு. நாலாவது வருஷம் லீவு. அதைவிடு, இந்தியப் பாஸ்போர்ட் வெச்சிருக்கிற இவனுக்கும் அங்கே ஓட்டாம். காமன்வெல்த் நாட்டுக்காரனாம். இங்கே என் லைன் வீட்டுலே இருக்கிற ஒடிசாப் பையன் சிப்காட்லே மூணு ஷிப்டும் பாக்கிறான், அவன் ஓட்டு ஊர்லேயே தூங்குது. ஆளைத் தெரியாமே போன தடவை ஒரு வேட்பாளர் அவன் கையைப் புடிச்சு அரை மணி கெஞ்சினாரு. அவன் டீ வாங்கிக் குடுத்து அனுப்பினான். நீயாவது மொதல்லே வாக்காளர் பட்டியலைப் பாரு.

பாஷை கவலை வேண்டாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலேயும் ‘அண்ணா’, ‘அக்கா’ செல்லும். அதுக்கு மேலே வாயைத் திறக்காதே, மாட்டிக்குவே.

தொரப்பள்ளிக்காரர் ராஜாஜி 1917லே சேலம் முனிசிபாலிட்டி சேர்மன் ஆனவரு, கவர்னர் ஜெனரல் வரைக்கும் போனாரு. நம்ம பக்கத்து மண்ணுதான். நீயும் போவேன்னு சொல்ல வரல. அவருக்கு ஃபிளெக்ஸ் இல்லேன்னு சொல்ல வந்தேன்.

சரி, 45 வார்டுலே ஒண்ணுக்கு ஆசைப்பட்டுட்டே. 2022க்கு அஞ்சு வருஷம் கூட்டினா 2027 வருது. கணக்குப்படி வரணும். எதுக்கும் ஃபிளெக்ஸை நல்ல கனமா அடிக்கச் சொல்லு. கொட்டாய் மேலே இருக்கிற பழசு கிழிஞ்சு போயி, மாடு நனையுது.