கேள்வி-பதில்: கேட்பதற்கு ஓர் ஆள்

கே: கடவுளிடம் நேராகப் பாவ அறிக்கை செய்தால் போதாதா? நடுவில் இன்னொரு மனிதர் எதற்கு?
(வாசகி, நாசரேத்)

ப: மன்னிப்பவர் கடவுள்தான். அதில் எந்தச் சபைக்கும் சந்தேகமில்லை. ஆனால் தனி ஜெபத்தில் குற்றவாளியும் நாமே, வக்கீலும் நாமே, பல நேரம் தீர்ப்பெழுதுகிறவரும் நாமே. விடுதலை சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அடுத்த வாரமே அதே குற்றமும் நடக்கிறது. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து கேட்கும்போது பாவத்துக்குப் பெயர் சொல்லியே ஆகவேண்டும். மன்னிப்பும் நம் கற்பனையாக இல்லாமல் வெளியிலிருந்து காதில் விழுகிறது.

ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோபர் ஃபின்கன்வால்டேயில் 1935 முதல் ஒரு குருமடத்தை நடத்தினார். 1937-ல் நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டாபோ அதை மூடியது. திருவிருந்துக்கு முன்பு மாணவர்கள் ஒருவரிடம் ஒருவர் தனியாக அறிக்கையிடும்படி அவர் சொன்னார். கட்டாயப்படுத்தவில்லை, தானே செய்து காட்டினார். அவர் அறிக்கையிட்டது தன் மாணவர் எபெர்ஹார்ட் பெத்கேயிடம்! கேட்பவருக்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை, தானும் பாவி என்று அறிந்தவராக இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கே: இது கத்தோலிக்கர் பழக்கம்தானே? நமக்கு எதற்கு?
(சி.எஸ்.ஐ. வாசகர், நாகர்கோவில்)

ப: லூத்தரிடம் கேட்டுப் பாருங்கள். 1529-ல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசத்திலேயே அறிக்கை செய்யும் முறை இருக்கிறது. ஒவ்வொரு பாவத்தையும் எண்ணி ஒப்பித்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தைத்தான் அவர் எதிர்த்தார். ஒருவரிடம் ஒருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபின் நிருபம் எல்லாருடைய வேதாகமத்திலும் இருக்கிறது. தமிழருக்கும் இது புதிதல்ல: தமிழில் அச்சுப் புத்தகம் வந்த காலத்திலேயே அறிக்கைக்கான நூலும் வந்துவிட்டது. முத்துக்குளித்துறையில் உழைத்த அன்றீக்கே அடிகளார் 1578-ல் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலை அச்சிட்டார். 1580-ல் கொச்சியில் வெளிவந்த அவருடைய ‘கொம்பெசியொனாயரு’ பாவசங்கீர்த்தனத்துக்கான வழிகாட்டி.

கே: எல்லாவற்றையும் சபை நடுவில் எழுந்து சொல்லத்தான் வேண்டுமா?
(வாசகர், தூத்துக்குடி)

ப: வேண்டாம். தெசலோனிக்கேயில் மக்களைக் கொன்று குவித்த பேரரசர் தியோடோசியஸை, 390-ல் மிலான் ஆயர் அம்புரோஸ் எல்லாரும் அறியத் தவம் செய்ய வைத்தார். பாவம் ஊரறிந்தது, தவமும் ஊரறிந்தது. மறைவான பாவம் வேறு. பாவங்களை எழுதிச் சபையில் வாசிக்கும் வழக்கத்தைத் திருத்தந்தை முதலாம் லியோ 459-லேயே தடுத்துவிட்டார். உங்கள் பாவத்தைச் சொல்லும் சாக்கில் மனைவியின் பாவத்தையும் மாமியாரின் பாவத்தையும் சேர்த்துச் சொல்லாமலிருப்பதும் முக்கியம்.

கே: வீட்டு ஜெபக்குழுவில் நான் அழுதுகொண்டே சொன்னது மறுநாளே தெருவுக்கு வந்துவிட்டது. இனி யாரை நம்புவது?
(வாசகி, மதுரை)

ப: உங்களுக்கு நடந்தது கொடுமை. எப்படி வெளியே போயிருக்கும் என்பதும் தெரிந்ததுதான்: “அந்தப் பிள்ளைக்காக ஜெபிச்சுக்கோங்க” என்று ஒருவர் தொடங்கியிருப்பார். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் போகும் புறணியை நம் சபைகள் இன்னும் பாவமாகவே எண்ணவில்லை. ஒப்புரவில், அதாவது பாவ அறிக்கையில், கேட்டதைக் கத்தோலிக்கக் குரு வெளியே சொன்னால் அந்தக் கணமே அவர் திருச்சபைக்குப் புறம்பாகிறார். விசுவாசிகள் நடத்தும் குழுவுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பர் 25 அன்று சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். ஆண்கள் தனி, பெண்கள் தனி. மணமானவர் தனி, ஆகாதவர் தனி. வாரம் ஒருமுறை கூடுகை. முதலில் ஒருவர் தன் நிலையைத் திறந்து சொல்வார், பிறகே மற்றவர்களிடம் கேட்பார். சேருமுன், உன் குறைகளை எங்கள் வாயால் கேட்கச் சம்மதமா என்று கேட்டுவிடுவார்கள். சம்மதம் முதலில், சிறிய வட்டம், கேட்பவரும் சொல்பவர்: இந்த மூன்றும் இல்லாத குழுவில் ஜெபியுங்கள், பாடுங்கள், மனதைத் திறக்காதீர்கள். உங்கள் ரகசியத்தை இதுவரை காத்த ஒரே ஒரு அக்கா இருந்தால் அவரிடம் போங்கள்.

கே: எங்கள் பாஸ்டர் எல்லாரிடமும் அறிக்கை கேட்கிறார். அவர் யாரிடமும் சொல்வதாகத் தெரியவில்லை.
(வாசகர், சென்னை)

ப: அப்படியானால் அதற்குப் பெயர் வேவு. கேட்பவரும் சொல்ல வேண்டும்: 2014 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸே வத்திக்கானில் எல்லாரும் பார்க்க ஒரு குருவின் முன் மண்டியிட்டு ஒப்புரவு பெற்றார்.

கே: ஒரு பிள்ளையிடம் தவறாக நடந்துகொண்டதாக ஒருவர் என்னிடம் அறிக்கையிட்டார். ரகசியம் காக்க வேண்டுமா?
(பெயர் வேண்டாம்)

ப: கூடாது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இது தெரியவந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இன்றே தெரிவியுங்கள். மனம் திரும்பியது உண்மையானால் அவரே உங்களோடு காவல் நிலையத்துக்கு வருவார். வராவிட்டாலும் நீங்கள் போங்கள். இங்கே அந்தப் பிள்ளைதான் முதலில்.

கே: ஒவ்வொரு மாதமும் அதே பாவத்தையே சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது.
(மாணவர், பாளையங்கோட்டை)

ப: ஆதி நூற்றாண்டுகளில் ஞானஸ்நானத்துக்குப் பிறகு பெரும் பாவத்துக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தவவாய்ப்பு. அதனால் பலர் மரணப்படுக்கைவரை தள்ளிப்போட்டார்கள். திரும்பத் திரும்ப வரலாம் என்ற வழியை ஆறாம் நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பாவில் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவிகள். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அது திறந்தது, தயங்காமல் போங்கள். ஒன்று மட்டும் மாற்றுங்கள்: அடுத்த முறை பாவத்தோடு, அதற்கு முந்தின அரைமணி நேரத்தையும் சொல்லுங்கள். எங்கே இருந்தீர்கள், யார் கூட இருந்தார்கள், கையில் என்ன இருந்தது? அந்த நேரம் பார்த்து உங்களுக்கு ஃபோன் செய்யும்படி, கேட்பவரிடமே சொல்லி வையுங்கள்.