கொலு பார்க்கில் திணை மயக்கம்: ஓர் ஆய்வு

நவராத்திரிக் கொலுவை ஆராய்ந்தவர்கள் படிகளோடு நின்றுவிட்டார்கள். மூன்றா, ஐந்தா, ஏழா, ஒன்பதா என்று ஒற்றைப்படையில் வாதாடினார்கள். கீழ்ப்படியில் ஓரறிவு உயிர், ஏற ஏற அறிவு கூடும், உச்சியில் தெய்வமும் கலசமும் என்று தத்துவம் விளக்கினார்கள். கடைசிப் படிக்கும் கீழே, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மண் கொட்டி, வீட்டுப் பிள்ளைகள் எழுப்பும் பார்க் மட்டும் எந்த ஆய்வேட்டிலும் உரிய இடம் பெறவில்லை. கொலு முழுவதிலும் உயிருள்ள பொருள் அங்கேதான் இருக்கிறது என்பதைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை. உயிருள்ள பொருள் என்றது முளைத்த கேழ்வரகை. மூன்றாம் நாள் முதல் எறும்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஆய்வின் எல்லை. பத்து வயதுக்கு உட்பட்டோர் தம் கையால் அமைத்த பார்க்குகளே இங்கே கருதப்படும். அப்பா மோட்டார் வைத்து அருவி விட, அம்மா தெர்மாகோலில் கோபுரம் அறுக்க, பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தவை விலக்கப்பட்டன. பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளைக் கடையில் வாங்கித் தூவிப் புல்வெளி என்று சாதித்தவை அரை மனத்தோடு ஏற்கப்பட்டன.

குடிகளின் பூர்வீகமும் கவனிக்கத்தக்கது. படிகளில் வீற்றிருப்போருக்கு ஊர் உண்டு: பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைப் பக்கம் விளாச்சேரி, சென்னையில் கொசப்பேட்டை. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பேரம் பேசி, வைக்கோல் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். பார்க்கில் குடியிருப்போருக்கு அப்படி ஒரு வம்ச வரலாறு கிடையாது. எதையோ வாங்கியபோது இலவசமாக வந்த யானை, யாருடைய பிறந்தநாளிலோ கிடைத்த ரிட்டர்ன் கிஃப்ட் டைனோசர், கேக்கின் மேல் குத்தியிருந்து க்ரீம் நக்கப்பட்டுக் கழுவி எடுக்கப்பட்ட வாத்து, கை உடைந்ததால் நாலாம் படியிலிருந்து இறக்கப்பட்ட கிருஷ்ணர். மேலே இடம் இல்லை என்றவர்களுக்கெல்லாம் கீழே பட்டா கிடைக்கிறது.

நிலம்

தொல்காப்பியர் நிலத்தை நான்காகப் பகுத்துத் தெய்வமும் ஒதுக்கினார். காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடலுக்கு வருணன். பார்க்கை இந்த அளவுகோலால் அளந்தபோது கிடைத்த முடிவுகள் வியப்பூட்டுகின்றன.

குறிஞ்சி சுத்தமாக இருக்கிறது. பிரவுன் ஷீட்டைக் கசக்கி, உள்ளே கவிழ்த்த டப்பாவை வைத்தால் மலை. உச்சியில் பழநி ஆண்டி. பாதைக்குக் கோலமாவு. மேகம் வேண்டுமென்றால் பஞ்சு. அதே பஞ்சு வழிந்து கீழே வந்தால் அருவி. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. முல்லைக்கு மேற்படி கை உடைந்த கிருஷ்ணரும் இரண்டு பசுக்களும். மருதத்து வேந்தனுக்குத்தான் திண்டாட்டம். இந்திரன் பொம்மை எளிதில் அகப்படுவதில்லை. அந்த இடத்தைத் தஞ்சாவூர் ராஜா பொம்மை நிரப்புகிறது. அடி உருண்டையும் கனமும் உள்ளதால் எத்தனை முறை தள்ளினாலும் எழுந்து நிற்கும் அரசர் அவர். நிலையான ஆட்சிக்கு இதைவிடத் தகுதி வேறென்ன வேண்டும்?

நெய்தல் என்பது அப்பா சவரம் செய்யும் கண்ணாடி. சட்டம் தெரியாதபடி விளிம்பை மணலால் மூடிவிட்டால் ஏரி. மெரினாவில் பொறுக்கிய கிளிஞ்சல் ஒன்றை வைத்துவிட்டால் கடல். வருணனை யாரும் வைப்பதில்லை. குனிந்து பார்க்கும் பிள்ளையின் முகமே அதில் தெரிவதால் தெய்வம் இல்லாத குறை தோன்றுவதில்லை.

சிக்கல் இனிமேல்தான். திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலங்கள் மயங்கக்கூடாது என்பது அகத்திணையியல் விதி. மலையில் நிகழ வேண்டிய ஒழுக்கம் கடற்கரையில் நிகழ்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மலையே கடற்கரைக்கு வந்துவிடக்கூடாது. பார்க்கில் மலை கடற்கரைக்கு வருகிறது. இடமில்லாவிட்டால் கடலுக்குள்ளேயே வருகிறது. ஏரிக்கரையில் ஒட்டகமும் பென்குவினும் ஒரே வாளியில் தண்ணீர் குடிக்கின்றன. உடனே கோபப்படாமல் மரபியலைப் புரட்டினேன். ஒட்டகத்துக்குத் தொல்காப்பியர் அங்கே இடம் கொடுத்திருக்கிறார். அதன் பெண்ணைப் பெட்டை என்று சொல்லலாம் என்று அனுமதியும் வழங்கியிருக்கிறார். அகநானூற்றிலும் ஓர் ஒட்டகம் வருகிறது. ஆகவே ஒட்டகத்தின் மேல் நடவடிக்கை எடுக்க இயலாது. பென்குவின் விசாரணையில் இருக்கிறது.

ஐந்தாம் திணையான பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் தன்மை திரிந்து பாலையாக உருமாறும் என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் சொல்கிறார். இதை எத்தனையோ தமிழாசிரியர்கள் வகுப்பில் விளக்கியும் எனக்கு ஏறவில்லை. சரஸ்வதி பூஜையன்று பார்க்கைப் பார்த்ததும் ஏறிவிட்டது. முதல் நாள் பசேலென்று இருந்த புல் மஞ்சளாகிச் சாய்ந்து, மலையின் பிரவுன் ஷீட் தண்ணீர் பட்டு உப்பி, பசுக்கள் குப்புறக் கிடக்க, ஒட்டகம் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

உரிப்பொருளையும் சொல்லியாக வேண்டும். ஏரி வலப்பக்கமா இடப்பக்கமா என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் நடப்பதை ஊடல் என்று சில மாணவர்கள் எழுதுகிறார்கள். அது தவறு. அது சண்டை.

அளவு

வாத்துப் பெரிதெனின் ஏரி சிறிதே;
கேட்குநர் இல்வழிக் குற்றமும் இன்றே.

என் நுதலிற்றோ எனின், பார்க்கின் அளவிலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. மாதிரி ரயில் சேகரிப்போர் உலகமெங்கும் ஓர் ஒழுங்கைக் கட்டிக் காக்கிறார்கள். அவர்களிடையே பரவலாக உள்ள எச்.ஓ. அளவு 1:87. ரயில், பாலம், நிலையம், மேடையில் நிற்கும் ஆள் எல்லாமே அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அவர்களுக்குத் தூக்கம் வராது. பார்க் கட்டுவோர் நன்றாகத் தூங்குகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையடக்கக் கார்கள் ஏறத்தாழ 1:64 அளவில் வருகின்றன. பார்பி பொம்மையின் உயரம் பதினொன்றரை அங்குலம். அந்தக் காரை நிஜக் கார் என்று கொண்டால், பக்கத்தில் நிற்கும் பார்பி 61 அடிக்கு மேல் உயரம். கன்னியாகுமரியில் பீடத்தைக் கழித்து நிற்கும் வள்ளுவர் 95 அடி என்பதை நினைவில் கொண்டால், கல்யாண செட்டின் நாதஸ்வரக்காரர் ஏன் அந்தப் பெண்ணைப் பார்த்தபடியே வாசிக்கிறார் என்பது விளங்கும். மூன்று அங்குல வாத்து இதே கணக்கில் 16 அடி. எந்த யானையைவிடவும் உயரம். அது கண்ணாடி ஏரியில் நீந்தவில்லை. ஏரியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கை ஏழு வயது நிபுணர் ஒருவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, வாத்து கிட்ட இருக்கு, கார் தூரத்துல இருக்கு, அதான்" என்றார். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல்கடை. காட்சித் தொலைவு பற்றிய இவ்விளக்கத்தை மறுக்க எனக்குப் படிப்பு போதவில்லை.

எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், காலயந்திரமும் செவ்வாய்ப் படையெடுப்பும் எழுதிய அதே வெல்ஸ், தம் இரு மகன்களோடு தரையில் தீவுகளும் நகரங்களும் கட்டி விளையாடியதை வைத்து 1911இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். நம்மில் தரையில் உட்கார்ந்த மாமாக்கள் யாரும் அப்படி எழுதவில்லை. முழங்கால் வலிக்கிறது என்று எழுந்துவிட்டார்கள்.

புல்

இனி வேளாண்மை. கடுகும் வெந்தயமும் ஊறவைத்துத் தூவினால் இரண்டு மூன்று நாளில் தலை காட்டும். கேழ்வரகு சற்றுப் பிந்தும். ஆனால் அதுவே புல் இனம் என்பதால் புல்வெளிக்குப் புல்லாகவே நிற்கும். கடுகுக்காரருக்கும் கேழ்வரகுக்காரருக்கும் உள்ள பகை பெரிது. நான் கேழ்வரகுக் கட்சி.

முளைத்த புல் நேராக நிற்காது. பால்கனிப் பக்கம் சாயும். "பாட்டி, புல்லெல்லாம் வெளிய போகணுங்குது" என்று பேத்தி முறையிட, "தட்டைத் திருப்பி வைடி கண்ணு" என்று பாட்டி சொல்ல, மறுநாள் அது மறுபடி பால்கனிக்கே வணக்கம் செலுத்தும். இதே காட்சியைச் சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். கேனரிப் பறவைக்குத் தீனியாகும் ஒரு புல்லின் முளைகளுக்கு நுனியில் வெள்ளீயத் தகட்டுக் குல்லாய் மாட்டினார்கள். குல்லாய் போட்டவை சாயவில்லை. போடாதவை வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்தன. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே என்று தெரிந்தது. 1880இல் புத்தகமாக வந்தது. பின்னால் ஆக்சின் என்று பெயர் பெற்ற வளர்ச்சிப் பொருள் நிழல் பக்கம் அதிகம் சேர்ந்து அந்தப் பக்கத்து உயிரணுக்களை நீளச் செய்வதால் தண்டு வெளிச்சத்துக்கு வளைகிறது என்பது அதிலிருந்து கிளைத்த கதை.

அப்பனும் பிள்ளையும் சேர்ந்து செய்த கைவேலை என்ற வகையில் இது நம் ஆய்வுக்குள் அடங்கும். டார்வின் வீட்டில் காகிதத் தட்டுப்பாடும் இருந்திருக்க வேண்டும். ‘உயிரினங்களின் தோற்றம்’ கையெழுத்துப் படியில் இன்று மிஞ்சியிருக்கும் சில தாள்களின் பின்பக்கம் அவர் குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. பழமும் காய்கறியும் குதிரையேறிப் போர் புரியும் படம் ஒன்று அவற்றில் உண்டு. அந்தக் கிறுக்கலுக்காகவே அம்மா எடுத்துவைத்த தாள்கள் அவை என்று எண்ண எனக்கு விருப்பம்.

அறிவியல் நோக்கில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்திரயான்-3 நிலவில் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23 அன்று. அந்த அக்டோபரில் வந்த நவராத்திரியில் பல பார்க்குகளின் மூலையில் நிலா முளைத்தது. பெரியவர்கள் அட்டையில் அளந்து வெட்டினார்கள். பிள்ளைகள் தீப்பெட்டிக்குச் சாக்லெட் தாளைச் சுற்றி நாலு தீக்குச்சி குத்தினார்கள். நிஜக் கலங்களின் மேல் பளபளப்பதும் அலுமினியம் பூசிய மெல்லிய படலங்களின் அடுக்குதான். வெப்பத்தைத் தடுக்கச் சுற்றுவது. எனவே பொருள் தேர்வில் சாக்லெட் தாள் கட்சியே இஸ்ரோவுக்கு அருகில் இருந்தது.

அத்துமீறல்

அடுக்ககங்களில் கொலுப் போட்டி வந்தபின் பார்க்குக்குக் கெட்ட காலம் பிறந்தது. கையில் மதிப்பெண் தாளோடு நடுவர்கள் வருகிறார்கள். தலைப்பு இருக்கிறதா, ஒருமை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அதற்குப் பயந்து வீட்டார் டைனோசரைப் பரணுக்கு அனுப்புகிறார்கள். மரப்பாச்சிக்குப் பிள்ளை ஒட்டிய ஜிகினாத் தாள் பாவாடையைக் கிழித்துவிட்டுக் கடையில் வாங்கிய பட்டை உடுத்துகிறார்கள். செம்மரத்தில் கடைந்த அந்தத் தம்பதி, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கையால் தாறுமாறாக உடுத்தப்பட்டே பழகியவர்கள். கழுத்து எது, இடுப்பு எது என்று தெரியாமல் சுற்றிய துணியில் அவர்கள் கூச்சப்பட்டதாகச் செய்தி இல்லை.

சண்டிகரில் லெ கார்பூசியே கோடு போட்டுத் திட்டமிட்ட நகரத்தின் ஓரத்தில், சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் 1957 முதல் யாருக்கும் சொல்லாமல் உடைந்த வளையலும் ஓடும் பீங்கானும் சேர்த்து ஒரு தோட்டம் கட்டினார். அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் கட்டியது. கண்டுபிடித்த அதிகாரிகள் இடித்திருக்கலாம். இடிக்கவில்லை, 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சோபாவை நகர்த்திவிட்டு நடைபாதையை ஆக்கிரமிக்கும் பார்க்குகளை அகற்ற நினைக்கும் குடும்பத் தலைவர்கள் இந்த முன்தீர்ப்பைப் படித்துவிட்டுக் கை வைக்கட்டும்.

நடுவர்களுக்கு ஒரு விண்ணப்பம். படிகளுக்கு எத்தனை மதிப்பெண் வேண்டுமானாலும் போடுங்கள். தரைக்கு இறங்கினால் சுண்டலை வாங்கிக்கொண்டு, முதலைக்கு என்ன பெயர் என்று மட்டும் கேளுங்கள். நீண்ட பதில் வரும்.

வீட்டாருக்கு: மகாளய அமாவாசைக்கு நான்கைந்து நாள் முன்னதாகவே கேழ்வரகை ஊறப் போட்டு விதைத்துவிடுங்கள். செய்தித்தாளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். தண்ணீர் ஊற்றுவதில் அவர்களுக்கு அளவு தெரியாது. சவரக் கண்ணாடியைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். விஜயதசமிக்கு மறுநாள் திரும்பக் கிடைக்கும். கீறல் இருக்கும்.