உணர்விழந்த காலும் செய்தி சொல்லும்

கேள்வி: தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவருக்கு வெயில் சுடாது, அந்த மட்டில் அவர் கொடுத்துவைத்தவர்தானே? (வாசகர், பாணேர், புணே)

பதில்: வெயில் அவரையும் சுடும், சுட்டது அவருக்குத் தெரியாது. வியர்வையைச் சுரக்கச் செய்வதும் தோலின் இரத்தக் குழாய்களை விரித்துச் சுருக்குவதும் தண்டுவடத்தின் வழியே இறங்கும் தன்னியக்க நரம்புகளின் வேலையாதலால், அந்த வழி அறுபட்டபின் காயத்துக்குக் கீழுள்ள உடற்பகுதி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ள இயலாமல் சூழலின் வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. கழுத்தில் அடிபட்டவருக்கு வியர்க்கும் பரப்பு இன்னும் குறைவு என்பதால், 40 டிகிரியை எட்டும் கோடையில் நிழலும் ஈரத்துணியும் மின்விசிறியும் அவருக்கு மருந்துக்கு நிகரானவை. குளிர்காலத்திலோ, அன்போடு காலடியில் வைக்கப்படும் வெந்நீர்ப்பையே தீக்காயத்தை உண்டாக்கிவிடக்கூடும்.

கேள்வி: வலிக்காத இடத்தில் புண் வரப்போவதை எப்படி அறிவது?

பதில்: கண்ணாலும் புறங்கையாலும் அறியலாம். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் குறைந்துபோவதற்கு, வலி தெரியாததால் கவனிப்பாரற்றுப் பெருகும் காயங்களும் தொற்றுமே முதன்மைக் காரணம் என்று நிறுவினார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில், தோலின் ஓரிடம் மட்டும் சூடேறுவதைப் புண்ணின் முன்னறிவிப்பாகக் கொண்டு ஆராய்ந்தார். நீரிழிவால் மரத்த பாதங்களில், இரு பாதங்களின் ஒத்த இடங்களுக்கிடையே 2.2 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வேறுபாடு நீடித்தால் எச்சரிக்கை என்னும் அளவுகோல் இன்று வழக்கில் உள்ளது. சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கு வால் எலும்பு, உட்காரும் எலும்புகள், குதிகால் ஆகியவையே ஆபத்தான இடங்கள். அழுத்தம் நீங்கி அரைமணி நேரமாகியும் அங்கே சிவப்பு மறையவில்லையெனில் திசு கெடத் தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம், அல்லது அறியாமலே எலும்பு முறிந்திருக்கலாம். அந்தக் காலைத் தேய்த்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுவது உயிர்காக்கும் செயல்.

கேள்வி: அசையாத கால் திடீரெனத் துள்ளுகிறதே, குணமாகிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. காயத்துக்குப்பின் வரும் தளர்ச்சி சில வாரங்களில் நீங்கியதும், மூளையின் கட்டுப்பாடின்றித் தண்டுவடமே தசைகளை இயக்குவதால் உண்டாகும் தசை இறுக்கம் அது. ஆயினும் அதை வெறும் தொல்லையென ஒதுக்கலாகாது: வழக்கத்தைவிட அது திடீரென மிகுந்தால் சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, படுக்கைப்புண்ணோ, சதைக்குள் வளர்ந்த நகமோ காரணமாயிருக்கலாம். வலியாக வெளிப்பட முடியாத கேடு துள்ளலாக வெளிப்படுகிறது.

கேள்வி: கால் தசை மெலிந்தபின் பயிற்சியால் என்ன பயன்?

பதில்: மெலிந்த தசை எலும்பின் மேலுள்ள மெத்தையைக் குறைத்துப் புண்ணுக்கு இடம் கொடுக்கிறது, அசைக்கப்படாத மூட்டு மடங்கியபடியே இறுகுகிறது. எனவே பிறர் கையால் செய்யப்படும் அசைவுப் பயிற்சியும் அவசியம். தோளுக்கும் கைக்கும் தரும் பயிற்சியோ வாழ்வையே மீட்கிறது. இடுப்புக்குக் கீழ் செயலிழந்த படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் பாணேருக்கு அருகிலுள்ள கட்கியில் 1974 முதல் இயங்குகிறது. அதற்கு முன்பே, 1965 போரில் குண்டடிபட்டு முடங்கிய முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கின் 50 மீட்டர் நீச்சலை 37.33 நொடிகளில் முடித்துத் தங்கம் வென்றார்.

இத்தகையவர் இருக்கும் வீட்டில், காலையிலும் இரவிலும் அவருடைய குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் பார்த்துத் தொட்டறியும் பொறுப்பை ஒருவர் தவறாமல் ஏற்றுக்கொள்ளட்டும்.